சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய நர்ஸ்

1

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு சேதி. எனக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், ஒட்டாது. பெயர் கருணைக் களைப்பு. இப்படிக்கூட ஒரு வியாதி உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு என்று ஆபீஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கிறார்கள். அடுத்தவர் கஷ்டத்துக்கு இரங்கி இரங்கி ஒரு நாள் இரக்கமே வற்றிப்போய்விடுமாம். என் அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது பரம்பரை வியாதியா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் வார்டு வேலை. அதற்குப் பிறகு, இனிப் பிழைக்காது என்று ஆஸ்பத்திரி அனுப்பிவிடும் குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை. காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். வலிக்கு மருந்து ஏற்றுவேன், குளிப்பாட்டுவேன், பெற்றவர்கள் ஒரு மணி நேரம் கண் மூடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கடைசி நாள் வரைக்கும் போவேன். அதற்கு மறுநாள் போகமாட்டேன். பைலை மூடிவிடுவார்கள். மூடிய பைலின் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்பது சட்டம்.

இந்த வேலை பார்க்கிறவர்களின் மனசு உடைந்துவிடக் கூடாதே என்று ஆபீஸ் எங்களைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறது. மாதம் ஒருமுறை ஆதரவுக் கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் குத்துவிளக்கு வைக்கிற இடத்தில் டிஷ்யூ பெட்டி இருக்கும். பிஸ்கட் உண்டு. நடத்துவதற்கு ஒரு அம்மா வெளியிலிருந்து வருவார். அவர் நர்ஸ் இல்லை. இறந்த குழந்தையை ஒரு தடவைகூடக் கையில் தூக்கியதில்லை. ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பதில் பட்டம் வாங்கியவர்.

கூட்டத்தின் முதல் விதி, யாரையும் குறை சொல்லக் கூடாது. புதிதாக வந்த சமயத்தில் விவரம் தெரியாமல், அந்த மருந்துக்கடைக்காரன் உருப்படமாட்டான், வெள்ளிக்கிழமை சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு ஒரு குழந்தையைத் திங்கட்கிழமை வரைக்கும் துடிக்க விட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா தலையை மறுபக்கம் சாய்த்து, இந்தக் கோபம் உங்களுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். மருந்துக்கடையில் இருக்கிறது என்றேன். குறித்துக்கொண்டார்.

2

எங்கள் ஊர் கொல்லிமலை அடிவாரம். கடலையும் சோளமும் போடுகிற குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்த கையோடு, தொண்ணூற்றேழில், மலைமேல் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அம்மா ஒப்பாரி வைக்காத குறை. மலைக்குப் போய் வேலை பார்க்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்று வாசலில் நின்று கேட்டாள். அதே அம்மா, நான் விமானம் ஏறியபோது ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை அவளுக்கு அந்நிய தேசம். ஒரு பகல் முழுக்கப் பறந்து போகிற ஊர் பக்கத்து வீடு.

எழுபது கொண்டை ஊசி வளைவு. முதல் மாதம் எந்த வளைவில் வாந்தி வரும் என்று கண்டக்டருக்கே மனப்பாடம். மேலே போனால் ஆஸ்பத்திரி: ஓட்டுக் கட்டடம், எட்டுக் கட்டில், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு ஜீப். கட்டிலில் கிடந்தவர்களைவிட ஜீப்புக்குத்தான் வைத்தியம் அதிகம் தேவைப்பட்டது. கூட வேலை பார்த்தவள் மரகதக்கா. மலையிலேயே பிறந்தவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எந்த ஊருக்கு எந்தப் பாதை என்று தெரிந்த ஒரே சுகாதார ஊழியர். அவள் இல்லாமல் நான் ரோட்டை விட்டு இறங்கியதில்லை. இறங்கியிருந்தால் இன்றைக்கும் ஏதாவது மிளகுத் தோட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பேன்.

பொன்னிக்கு எட்டு வயது. மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில், ரோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் இறங்கி நடந்தால் வருகிற ஏழெட்டு வீடுகளில் ஒன்று அவளுடையது. தொடை எலும்பில் கட்டி. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொல்வதற்கென்ன. பஸ்ஸில் எழுபது வளைவும் அவளை மடியில் போட்டுக்கொண்டு, பிறகு போர்வையைத் தூளியாகக் கட்டி இரண்டு பேர் தூக்கி, அவள் அப்பா அந்தப் பாதையில் இறக்கிக் கொண்டுபோனார். அம்மா வெள்ளையம்மாவின் இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை, பொன்னியின் தங்கச்சி.

எங்கள் ரெஜிஸ்டரில் நோயாளி என்ன ஆனார் என்று எழுத இரண்டே கட்டம். ஒன்று, குணமானார். இன்னொன்று, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். மேல் சிகிச்சையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குக் கட்டம் இல்லை. டாக்டர் நல்ல மனுஷர். எழுதாமலே போய்ப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். அறக்கட்டளையிலிருந்து மாதா மாதம் வரும் கண்காணிப்பாளர்தான், செவ்வாயும் வெள்ளியும் இந்த நர்ஸ் எங்கே போய்த் தொலைகிறாள் என்று துருவினார். சத்துணவு ஆலோசனை என்று எழுதிக் கொடுத்தோம். மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரே வீட்டுக்குச் சத்துணவு ஆலோசனை. அந்த வருஷம் சத்துணவு ஆலோசனைக்காக எங்கள் ஆஸ்பத்திரியைப் பாராட்டிக் கடிதம் வந்தது.

வலிக்கு எங்களிடம் மாத்திரை இருந்தது. அதற்குமேல் மார்பின் கொடுக்க வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் மலைக்குக் கீழேயே இருந்துவிட்டது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்கிறவரைக்கும் பொன்னியின் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். வலி வந்தால் அவள் அழமாட்டாள், திட்டுவாள். அப்பனைத் திட்டுவாள், கோழியைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள். கிளம்பும்போது மட்டும் சேலையைப் பிடித்துக்கொண்டு எப்ப வருவே என்பாள்.

"வெள்ளிக்கிழமெ வாரேன் கண்ணு."

வாரேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் சேலையை விடுவாள். மூன்று மாதமும் அந்த வீட்டை விட்டு அந்தச் சொல்லைச் சொல்லாமல் நான் வெளியே வந்ததில்லை.

திரும்பி ஏறும்போது பாதி வழியில் ஒரு பாறை. மரகதக்கா அங்கே உட்காரச் சொல்வாள். வேகவைத்த குச்சிக்கிழங்கைத் துணியிலிருந்து எடுப்பாள். அப்புறம் இரண்டு பேரும் திட்டுவோம், ஆளுக்கொரு முறை. கீழே இருக்கிற டாக்டர்கள், லைசென்ஸ், ஜீப், கண்காணிப்பாளரின் வழுக்கை, கோயிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற சாமி, யாரையும் விடமாட்டோம். ஒரே ஒரு கட்டுப்பாடு, பெற்றவர்களைத் திட்டக் கூடாது. கிழங்கு தீர்கிறபோது திட்டும் தீர்ந்துபோகும். எழுந்து நடப்போம். இதற்கு ஆதரவுக் கூட்டம் என்று பெயர் என்பது எனக்கு இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. டிஷ்யூ கிடையாது. மரகதக்காவின் முந்தானை இருந்தது.

3

இனி என் வியாதி வந்த கதை.

சோஃபிக்கு ஆறு வயது. மூளையில் கட்டி. அம்மா ஜூலி. அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில். வீட்டில் லில்லி என்று ஒரு கைக்குழந்தையும் உண்டு, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. எட்டு மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். சோஃபிக்கு நான் பேசும் இங்கிலீஷ் என்றால் சிரிப்பு. நான் ஒரு வார்த்தை சொன்னால் அதையே என்னை மாதிரி திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். வாய் பேச முடியாமல் போன பிறகும், நான் பேசினால் உதட்டோரம் மட்டும் அசையும். அதற்காகவே வேண்டுமென்றே தப்பாகப் பேசுவேன். அந்தக் குழந்தையிடம் எனக்குப் பிரியம் அதிகம். நர்ஸ் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் உண்மை அதுதான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் போய்விட்டாள். வலி இல்லாமல் போனாள், லைசென்ஸ் இருக்கிற ஊர். நானும் ஜூலியும் சேர்ந்து குளிப்பாட்டினோம். சோஃபியே எடுத்து வைத்திருந்த மஞ்சள் கவுனைப் போட்டோம். டாக்டர் வந்தார், எழுதினார். உறவுக்காரர்கள் வந்தார்கள். என் வேலை முடிந்தது. பையை எடுத்தேன். லில்லி உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு தடவை பார்த்தேன். சமையலறைக் கதவைத் திறந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், வெளியே வந்துவிட்டேன். பின்னாலிருந்து ஜூலி, சாந்தி என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்களுக்கு இதில் என்ன தப்பென்று புரியாது. சாவு வீட்டிலிருந்து யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? போய்ட்டு வாரேன் என்று அங்கே எவனாவது சொன்னால் அவனை அடிக்காமல் அனுப்புவார்களா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுவதுதானே மரியாதை. நானும் மரியாதையாகத்தான் வந்தேன். ஐந்தாறு வயசிலிருந்து பார்த்துப் பழகிய மரியாதை.

பத்து நாள் கழித்து ஜூலியின் கடிதம் ஆபீஸுக்கு வந்தது. நீளமில்லை. சாந்தி எட்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள், என் மகள் போன நாளில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள், கூப்பிட்டேன், திரும்பவில்லை, நாங்கள் அவளுக்கு என்ன செய்தோம் என்று எழுதியிருந்தாள். கடைசி வரியை நான் பல தடவை படித்தேன்.

வீட்டிலாவது இதை யாரிடமாவது சொல்லலாம் என்றால், என் மகள் நிலாவுக்கு ஏழு வயது, வந்தபோது கைக்குழந்தை. தமிழ் புரியும், பேசுவது அவளுக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. அந்தக் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை, பையை மாட்டிக்கொண்டு, போறேம்மா என்றாள். போறேன்னு சொல்லாதே, வாரேன்னு சொல்லு என்றேன். நான் ஸ்கூலுக்குப் போறேன், வரலையே என்றாள். போகிறவர்கள் திரும்பி வரவேண்டும் என்பதற்காக என்று ஆரம்பித்து, சாவு வீடு வரைக்கும் போய், நின்ற நிலையில் ஒரு பாடமே நடத்தினேன். கேட்டு முடித்துவிட்டு, ஓகே பை என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஆறு வருஷத்தில் நான் கட்டிக் காத்த கலாசாரம் கிழிந்தது போங்கள்.

4

ஆனால் இது வெறும் வழக்கம் மட்டும் இல்லை. வெறும் வழக்கமாக இருந்தால் ஜூலி கூப்பிட்டபோது திரும்பியிருப்பேன். எத்தனை வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதைத்தான் விட முடியவில்லை. அதற்குக் காரணம் பொன்னியின் வீடு.

பொன்னி போனது ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வெள்ளையம்மா அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்து, வலிக்குதான்னு கேளு சாமி என்றாள். கேட்டேன். பொன்னி என்னைத் திட்டவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அது நான் பார்த்த முதல் சாவு இல்லை, ஆனால் முதல் தடவை எனக்கு வேண்டியவர் ஒருவர் என் கண்முன்னால் போனார். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். பையைக் கட்டினேன். நிலைப்படியில் நின்று, மூன்று மாதப் பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது.

"அப்ப நான் வாரேனுங்க."

வீடு முழுக்கச் சத்தம் நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மரகதக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். அன்றைக்குப் பாறையில் உட்காரவில்லை. யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு அன்றைக்கு என்னைத் தவிர ஆள் இல்லை.

மூன்று வாரம் கழித்து பொன்னியின் தங்கச்சிக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவில்லை. பொன்னியின் அத்தை விடவில்லையாம். சாவு ஊட்டுல நின்னு வாரேன்னு சொன்ன நர்ஸு இருக்கிற எடத்துக்கா தூக்கிக்கிட்டுப் போறே என்று மறித்துக்கொண்டாளாம். மரகதக்காவுக்குச் செய்தி தெரிந்து, ஒரே ஓட்டமாக இறங்கிப் போய்ச் சண்டை போட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள். கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, ஊசி குத்தினால் அழக்கூடத் தெம்பில்லை. இரண்டு பாட்டில் இறங்கிய பிறகுதான் அழுதது. இன்னும் அரை நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். பின்னாலேயே வந்த வெள்ளையம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வந்த அத்தைதான் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"உம்மேல குத்தமில்லெ சாமி. நீ சொல்லிட்டுப் போனே. அதான் வந்துருச்சு."

கிருமிக்குத் தமிழ் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுத்ததால் வந்தது என்று அத்தைக்கு நானே விளக்கியிருக்கிறேன். அதைப் பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணியிருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், அன்றிலிருந்து எந்தச் சாவு வீட்டிலும் என் வாய் திறந்ததில்லை. அதுவும் அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்துவிட்டால் எனக்கு நாக்கே இல்லை.

5

இதையெல்லாம் எங்கள் தலைமை நர்ஸ் லிண்டாவிடம் சொன்னேன். லிண்டா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டி அனுப்பியிருப்பார், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். ஜூலி வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன், ஐந்து நிமிஷம் போதும் என்று கேட்டேன். அது மட்டும் முடியாது, பைலை மூடிவிட்டோம் என்றார். கடிதம் எழுதட்டுமா என்றேன். ஆபீஸே எழுதும் என்றார். ஆபீஸ் எழுதிய கடிதத்தை எனக்கும் காட்டினார்கள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று தொடங்கியது. என் பெயர் அதில் இல்லை. சோஃபியின் பெயரும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு உதவி செய்ய ஆரம்பித்தார்கள். உதவியிலிருந்து தப்பிக்கவே முடியவில்லை. நோயாளி வீட்டில் வாய் பேச முடியாமல் போனது முற்றிய களைப்பின் அடையாளமாம். ஆகவே மூன்று மாதம் வீடுகளுக்குப் போகக் கூடாது, ஆபீஸ் மேஜையில் உட்கார வேண்டும், ஆறு தடவை மனநல ஆலோசனைக்குப் போக வேண்டும். அப்போது என் கையில் இன்னும் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அவர்களை அப்படியே இன்னொரு நர்ஸிடம் மாற்றிவிட்டார்கள். அதில் ஒரு குழந்தை, நான் மேஜையில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்த மூன்றாவது வாரம் போய்விட்டது. என்னை எது தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததோ அதைப் பிடுங்கிக்கொண்டு, தாங்குகிறோம் என்றார்கள். ஆலோசனை கொடுத்த பெண் மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தாள். இது உங்கள் நாட்டிலிருந்து வந்ததுதான், உங்களுக்குச் சுலபமாக வரும் என்று உற்சாகப்படுத்தினாள். வந்தது. மூச்சுக்கு என்ன குறை, கொல்லிமலையில் ஏறி இறங்கிய மூச்சு.

நான் சொன்ன சாவு வீட்டு வழக்கத்தையும் லிண்டா வீணாக்கவில்லை. ஒரு வாரத்தில் கண்ணாடித் தாள் ஒட்டிய அறிவிப்பு ஒன்று சுவரில் தொங்கியது. தெற்காசிய ஊழியர்கள் துயர வேளையில் விடைபெறுவதில்லை, இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதி, கீழே ஒரு அகல்விளக்குப் படம். எங்கள் குழுவில் தெற்காசியா என்பது நானும் லாகூரிலிருந்து வந்த ஒரு டாக்டரும்தான். அவர் அறிவிப்பைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதானே போகிறேன், இனிமேல் நிறுத்த வேண்டுமா என்று கவலையோடு கேட்டார்.

மேஜையில் எனக்குக் கொடுத்த வேலை, வீடுகளுக்கு இரவல் கொடுத்த சாமான்களைத் திரும்ப வாங்குவது. கட்டில், மெத்தை, சக்கர நாற்காலி. போன் பண்ண வேண்டும், வேன் அனுப்ப வேண்டும், பட்டியலில் எழுத வேண்டும். பட்டியலில் சோஃபியின் பெயர் இருந்தது. எல்லாம் வந்துவிட்டது, குளிக்கிற தொட்டிக்குள் வைத்து உட்கார வைக்கும் சின்ன நாற்காலி மட்டும் வரவில்லை. எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் வாராவாரம் போன் பண்ணியிருக்கிறார். வாராவாரம் ஒரே பதிலை எழுதி வைத்திருக்கிறார்: அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு போனை மட்டும் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை வேன் டிரைவர் லீவு. நான் போய் எடுத்து வருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. மூடிய பைலின் கதவைத் தட்டக் கூடாது என்றுதான் சட்டம். நாற்காலி கேட்டுத் தட்டக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

6

ஜூலி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டும் கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்ச் சமையலறையில் உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். ஆபீஸுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது. போனால் போகட்டும் என்று ஆரம்பித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஏன் சொல்லிக்கொள்ளமாட்டோம் என்று சொன்னேன். பொன்னியைச் சொன்னேன், அவள் தங்கச்சியைச் சொன்னேன். நான் உன்னை விட்டு ஓடவில்லை, லில்லி அங்கே உட்கார்ந்து கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது, இந்த வாயால் இந்த வீட்டுக்கு இன்னொரு சாவு வந்துவிடக் கூடாதே என்று பயந்தேன், படித்தவள்தான், இருந்தாலும் பயந்தேன் என்று சொன்னேன். என் இங்கிலீஷ் பாதி வழியில் கையை விரித்துவிட்டது. மிச்சத்தை அழுதேன். ஆலோசனையில் ஆறு தடவையும் வராத அழுகை.

பிறகு ஜூலி பேசியதை அச்சுத் தமிழில் எழுதிப் பார்த்தேன், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. என் காதில் விழுந்த மாதிரியே எழுதிவிடுகிறேன்.

"எட்டு மாசம் இந்த ஊட்டுல பெல்லு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீ வருவே, டாக்டரு வருவாரு, மருந்து கொண்டாற ஆளு வருவான். புதன்கெழமெ அவ போனா. வியாழக்கெழமெ ஒருத்தரு வரலெ. அவ மட்டும் போகலெ சாந்தி. எல்லாருமாச் சேந்து போயிட்டீங்க."

எங்கள் மனசு உடையக் கூடாதென்று வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் இவள் இந்தச் சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலி மாடியில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றாள். எழுந்தேன். மாடிப்படி வரைக்கும் போனவளைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை திரும்பினேன்.

"வாராவாரம் அதக் கேட்டு உங்க ஆபீஸ்லயிருந்து போன் வருது. சோஃபி ஊடுங்களான்னு கேக்கறாங்க. அவ பேரச் சொல்லி இந்த ஊட்டுக்கு வர்ற போன் அது ஒண்ணுதான். குடுத்துட்டன்னா அதுவும் நின்னு போயிரும்."

நாங்கள் அங்கே எதற்குப் பயப்படுகிறோம், இவள் இங்கே எதற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அங்கே சாவு வீட்டுக்கு எதுவும் திரும்பி வந்துவிடக் கூடாது என்று பயம். ஆனால் மனுஷர்கள் வருவார்கள், காரியம் முடிகிறவரைக்கும் வருவார்கள், போதும் போதும் என்கிற அளவுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப முடிகிறது. இங்கே சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினால் அது நிஜமாகவே கிளம்பியதுதான்.

நாற்காலியை எடுக்கவில்லை. வாசலுக்கு வந்தேன். ஜூலி லில்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. வாய் வரவில்லை. ஜூலி காத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

"வாரேன்" என்றேன், தமிழில். அப்புறம் இங்கிலீஷில், வியாழக்கிழமை என்று சேர்த்துக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. என் கருணைக் களைப்பு தீர்ந்துவிட்டதாக ஆபீஸ் கடிதம் கொடுத்திருக்கிறது. மறுபடி வீடுகளுக்குப் போகிறேன். இரவல் சாமான் பட்டியலை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் முழுக்கத் தேறிவிட்டதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம் என்று லிண்டாவுக்குச் சந்தோஷம். நடுவில் ஒரு வாரம் லில்லிக்குக் காய்ச்சல் என்று ஜூலி சொன்னாள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பல் முளைக்கிற காய்ச்சல்தான், சரியாகிவிட்டது.

வியாழக்கிழமை தவறாமல் போகிறேன். டீ குடிக்கிறோம். சோஃபி என்னை எப்படிப் பேசிக் காட்டுவாள் என்று ஜூலி பேசிக் காட்டுவாள், சிரிப்போம். சில நாள் உட்கார்ந்து மருந்துக்கடைக்காரனைத் திட்டுவோம். வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போனதும் பட்டியலை எடுத்து, சோஃபியின் நாற்காலிக்கு நேரே எழுதிவிடுகிறேன்: போயிருந்தேன், வீட்டில் ஆள் இல்லை.